விலையை யார் கொடுக்கிறார்கள்? ஆப்கன் பெண்களுக்காக உலகம் எடுக்கக்கூடிய வழிகள்

2022 மார்ச் 23. ஆப்கானிஸ்தானில் புதிய கல்வியாண்டில் பள்ளிகள் திறந்த நாள். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண்களும் வரலாம் என்று தாலிபானின் கல்வி அமைச்சகமே அறிவித்திருந்தது. ஏழு மாதம் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள் கறுப்புச் சீருடையும் வெள்ளை முக்காடுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோழிகளைப் பார்த்த சந்தோஷம் அடங்குவதற்குள், சில மணி நேரத்திலேயே, வீட்டுக்குப் போங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. பள்ளி வாசலில் அழுதுகொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளின் படங்களை உலகமே பார்த்தது. அன்று மூடிய கதவு அதற்குப் பிறகு திறக்கவில்லை.

பின்னர் ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதம், வெளியே வரும் பெண் முகத்தையும் மூட வேண்டும் என்ற ஆணை. மீறினால் அவளுடைய தகப்பனுக்கோ அண்ணனுக்கோ தண்டனை. நவம்பரில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் போயின. டிசம்பர் 20-இல் பல்கலைக்கழகம், நான்கு நாள் கழித்துத் தொண்டு நிறுவன வேலை. 2023 ஏப்ரலில் ஐ.நா. அலுவலக வேலை, ஜூலையில் அழகு நிலையங்கள். 2024 ஆகஸ்டில் 35 பிரிவுகளோடு ஒரு சட்டம் வந்தது. பெண்ணின் குரலையே பிறர் காதில் விழாமல் மறைக்க வேண்டிய ஒன்றாக அது ஆக்கிவிட்டது. டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் படிப்புகளும் நின்றன. ஆறாம் வகுப்போடு படிப்பை இழந்த பெண்பிள்ளைகள் சுமார் 22 லட்சம் என்று 2025-இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது.

கண்டன அறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கண்டித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாடுகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. அங்கீகாரம் தராமல் ஒதுக்கி வைப்பதா, பணத்தை முடக்குவதா, உதவியை நிறுத்துவதா, உட்கார்ந்து பேசுவதா, வழக்குப் போடுவதா, விளையாட்டில் புறக்கணிப்பதா, தப்பி வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பதா? எல்லாமே ஒரே நோக்கத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. ஆனால் எல்லாவற்றின் விலையையும் ஒரே ஆள் கொடுப்பதில்லை. சிலவற்றின் விலை தாலிபான் தலைமையின் மீது விழுகிறது. சிலவற்றை வெளியிலிருக்கும் நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேறு சிலவற்றை, யாருக்காகச் செய்கிறோம் என்று சொல்கிறோமோ அந்தப் பெண்ணே கொடுக்கிறாள். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இங்கே ஒவ்வொரு வழியாகப் பார்க்கிறேன்.

அங்கீகாரம்: ஒருமுறைதான் செலவழிக்க முடியும்

1996 முதல் 2001 வரை நடந்த முதல் தாலிபான் ஆட்சியைப் பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகள் அங்கீகரித்தன. 2021 ஆகஸ்ட் 15-இல் காபூல் மீண்டும் அவர்கள் கைக்குப் போனபின், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரு நாடுகூட முறையாக அங்கீகரிக்கவில்லை. ஐ.நா.வில் ஆப்கானிஸ்தானின் இருக்கையும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்த வழியால் ஆப்கன் பெண்ணுக்கு நேரடியாக எந்த இழப்பும் இல்லை என்பதே இதன் பெரிய பலம். தூதரகக் கொடி ஏறாததால் யார் வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை.

ஆனால் இது மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே வந்தது. 2024 ஜனவரியில் தாலிபான் அனுப்பிய தூதரிடம் சீன அதிபர் நேரில் நியமனப் பத்திரம் பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அமீரகமும் தூதரை ஏற்றது. 2025 ஜூலை 3-இல் ரஷ்யா முழு அங்கீகாரமே கொடுத்துவிட்டது. அங்கீகரித்தால் அவர்கள் தளர்ந்து கொடுப்பார்கள் என்று நீண்ட நாளாகச் சொல்லிவந்த வாதத்துக்கு அது ஒரு சோதனை. பெண்களுக்கான ஓர் உயர்நிலைப் பள்ளிகூட அதனால் திறக்கவில்லை. கேட்டதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், பிறகு பேரம் பேச நம் கையில் என்ன இருக்கிறது?

அங்கீகாரத்தை மறுப்பது மட்டும் அவர்களை அசைத்ததா என்றால், இல்லை. காபூலில் இருக்கும் அமைச்சர்களுக்கு வெளிநாட்டுப் பயணமும் கைகுலுக்கும் படமும் வேண்டியிருக்கின்றன. கடைசி வார்த்தை சொல்கிறவரோ கந்தஹாரில் இருக்கிறார். தாலிபானின் உச்சத் தலைவரான அமீர் ஹைபத்துல்லா அகுந்த்ஸாதாவுக்கு உலகத்தின் மதிப்பு வேண்டும் என்பதற்கு இதுவரை எந்த அடையாளமும் தெரியவில்லை. அப்படியிருந்தும் இந்த வழியை விடக்கூடாது என்றே நினைக்கிறேன். விட்டுக்கொடுத்தால் திரும்ப வராது. வைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

பணத்தடை: எந்தக் கதவில் பூட்டு?

தடை என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். உள்ளே முற்றிலும் வேறான இரண்டு காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, நாட்டின் மீதே விழுவது. 2021-இல் ஆப்கன் மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பு சுமார் 900 கோடி டாலர் முடங்கியது. அதில் 700 கோடி அமெரிக்காவில் இருந்தது. அரசுச் செலவில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு மானியத்தில் ஓடிய நாடு அது. அந்த மானியமும் ஒரே நாளில் நின்றது. வங்கி வாசலில் நாள்கணக்கில் வரிசை. சம்பளம் வராத ஆசிரியைகள் வீட்டுச் சாமான்களைச் சந்தையில் வைத்து விற்றார்கள். அந்த ஒரே ஆண்டில் பொருளாதாரம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. இந்தப் பணத்தில் ஒரு சல்லிக்காசு போகாததால் எந்தத் தாலிபான் தளபதியும் பட்டினி கிடந்ததாகத் தெரியவில்லை. மனிதாபிமான உதவிக்கு விலக்குக் கொடுக்கும் 2615-ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்ற அந்த ஆண்டு டிசம்பர் 22 ஆகிவிட்டது. அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது.

மற்றொன்று, ஆளைக் குறிவைப்பது. பெண்கள் பள்ளி மூடிய மூன்றாம் மாதம், 2022 ஜூனில், கல்வித்துறையைக் கையில் வைத்திருந்த இரண்டு தாலிபான் அதிகாரிகளுக்கு அதுவரை இருந்த பயண விலக்கை ஐ.நா. தடைக் குழு நீக்கியது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், பல்கலைக்கழகக் கதவை மூடிய உயர்கல்வி அமைச்சர் மீதும் ஒழுக்கத்துறை அமைச்சர் மீதும், பெண்களுக்கு எதிரான வன்முறை என்ற காரணத்தையே வெளிப்படையாக எழுதித் தடை விதித்தது. இந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு. ஐ.நா.வின் பழைய தடைப் பட்டியல் பயங்கரவாதத்துக்காகப் போட்டது. ஒரு பெண்பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மூடியதற்காக யாரும் அதில் சேர்க்கப்படவில்லை. பயணமே செய்யாத ஒருவரைப் பயணத்தடை வலிக்கச் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் வலி தப்பான வீட்டுக்குப் போகவில்லை. முதல் வகையை இன்னும் தளர்த்த வேண்டும், இரண்டாவதை இன்னும் விரிக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

உதவியை நிறுத்துவது: இங்கேதான் மனசு தடுமாறும்

2022 டிசம்பர் 24. தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது. அடுத்தநாளே சேவ் தி சில்ட்ரன், கேர், நார்வே அகதிகள் மன்றம் ஆகிய மூன்றும் கூட்டாக அறிவித்தன: எங்கள் பெண் ஊழியர்கள் இல்லாமல் நாங்கள் வேலை செய்ய மாட்டோம். சர்வதேச மீட்புக் குழுவும் நிறுத்தியது. கடுங்குளிர், பசியால் வாடும் குடும்பங்கள் லட்சக்கணக்கில். அந்த நேரத்தில் உதவியை நிறுத்துவது கொடுமை என்று சொன்னவர்கள் உண்டு. நிறுத்தாவிட்டால் பெண்களைக் கழித்துவிட்ட உதவியே நிரந்தர வழக்கமாகிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

இதில் ஒரு நடைமுறை விஷயத்தை வெளியில் இருப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. வேற்று ஆண் ஒருவர் ஒரு விதவையின் வீட்டுக்குள் போய், எத்தனை பேர் இருக்கிறீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், பிள்ளைக்குப் பால் இருக்கிறதா என்று அங்கே கேட்க முடியாது. அதைக் கேட்கப் பெண் ஊழியர் வேண்டும். பெண் ஊழியர் இல்லையென்றால் பட்டியலில் அந்த வீடே ஏறாது. ஆண்கள் மூலமாகவே கொடுத்துவிடலாமே என்பவர்கள், கொடுத்தது யாரிடம் போய்ச் சேரும் என்று யோசித்தால் நல்லது.

மூன்று வாரம் கழித்து, 2023 ஜனவரி நடுவில், மருத்துவப் பணிகளில் பெண்கள் தொடரலாம் என்ற உறுதி கிடைத்தது. அந்த நிறுவனங்கள் சுகாதார வேலையை மறுபடி தொடங்கின. தொடக்கக் கல்வியிலும் அங்கங்கே வழி பிறந்தது. எல்லாம் வாய்மொழி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, இன்று உண்டு நாளை இல்லை. ஆனாலும் அது கிடைத்தது.

முதல் ஆட்சியிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. காபூலில் உலக உணவுத் திட்டம் மானிய விலையில் ரொட்டி கொடுக்கும் அடுமனைகளை நடத்திக்கொண்டிருந்தது. விதவைகளே நடத்திய அடுமனைகளும் அதில் இருந்தன. யாருக்கு ரொட்டி தேவை என்று வீடுவீடாகக் கணக்கெடுக்கப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள், தாலிபான் மறுத்தது. பெண்கள் இல்லாவிட்டால் அடுமனைகளையே மூடுகிறோம் என்று 2001 ஜூனில் உலக உணவுத் திட்டம் நாள் குறித்தது. கடைசி நேரத்தில் தாலிபான் இறங்கி வந்தது. பெண்கள் கணக்கெடுக்கப் போனார்கள்.

நிறுத்துவோம் என்ற மிரட்டல் அப்படியானால் வேலை செய்கிறதா? செய்கிறது, இரண்டு நிபந்தனையோடு. மிரட்டுகிறவர் அந்த மண்ணிலேயே வேலை செய்பவராக இருக்க வேண்டும். கேட்பது குறிப்பிட்ட ஒன்றாக இருக்க வேண்டும்: இந்த வேலைக்கு இத்தனை பெண்கள். தொலைதூரத் தலைநகரம் ஒன்றில் உட்கார்ந்து, உங்கள் கொள்கையை மாற்றாவிட்டால் மொத்த நிதியையும் வெட்டுவோம் என்பது வேறு காரியம். அதற்கு அமீர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிரசவ வலியோடு கழுதை மீது வரும் பெண்தான் பதில் சொல்கிறாள்.

2025-இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. பெண்ணுரிமைக்காக அல்ல, தன் உள்நாட்டுக் கணக்குக்காக. பெண்கள் மீது விழுந்த விளைவில் அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்கள் மூடின. பிரசவத்தில் தாய் இறப்பது உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஆப்கானிஸ்தானும் ஒன்று. மருத்துவச்சிப் படிப்பை உள்ளே இருப்பவர்கள் நிறுத்தினார்கள், மருத்துவச்சியின் சம்பளத்தை வெளியே இருப்பவர்கள் நிறுத்தினார்கள். அந்த மலைக்கிராமத்துத் தாய்க்கு இரண்டும் ஒரே அடிதான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 நள்ளிரவு குனார் மாகாணத்தில் நிலநடுக்கம். ரிக்டர் அளவில் 6. மண் வீடுகள் மலைச்சரிவோடு சரிந்தன. 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து ஆண்களையும் குழந்தைகளையும் முதலில் எடுத்தார்கள், காயத்தோடு ஒதுங்கியிருந்த பெண்களை அன்னிய ஆண்கள் தொடத் தயங்கினார்கள் என்று உயிர்பிழைத்தவர்கள் சொன்ன செய்திகள் வந்தன. அங்கே போன மருத்துவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண் ஊழியர்கள் ஆண் துணை இல்லாமல் பயணிக்க விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தாலிபானிடம் கேட்க வேண்டியிருந்தது. பெண் மருத்துவரை உருவாக்கும் வகுப்பறையை மூடினால் என்ன ஆகும் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது.

ஆகவே, உதவியைத் தண்டனையாக வெட்டுவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். உதவிக்குள் பெண்களுக்கு இடம் கேட்டு, அந்த இடத்துக்காக ஒரு திட்டத்தைச் சில வாரம் நிறுத்தி வைப்பதை ஆதரிக்கிறேன். உயிர்காக்கும் சிகிச்சை மட்டும் எந்த நிலையிலும் நிற்கக்கூடாது.

பேச்சுவார்த்தை: மேசையில் யார்?

2024 ஜூன் 30-இல் தோஹாவில் ஐ.நா. கூட்டிய மூன்றாவது ஆப்கானிஸ்தான் கூட்டம் தொடங்கியது. முதல் கூட்டத்துக்குத் தாலிபானை அழைக்கவில்லை. இரண்டாவதுக்கு அழைத்தும் அவர்கள் வரவில்லை. மூன்றாவதுக்கு வந்தார்கள். அந்த மேசையில் ஆப்கன் பெண் ஒருவர்கூட இல்லை. பெண்ணுரிமையும் நிகழ்ச்சி நிரலில் தனித் தலைப்பாக இல்லை. தனியார் துறையும் போதைப்பொருள் ஒழிப்பும் இருந்தன. தாலிபான் கிளம்பிய பிறகு, ஜூலை 2-ஆம் தேதி, பெண்கள் உள்ளிட்ட குடிமைச் சமூகத்தினரைத் தனியாகச் சந்தித்தார்கள். அழைக்கப்பட்ட சில பெண்கள் இதை ஏற்காமல் போகவே இல்லை.

பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன மருத்துவ விலக்கும் பேசிப் பெற்றதே. ஆனால் பேச்சுக்கு வரவேண்டும் என்பதற்காகப் பெண்களை வெளியே நிறுத்துவது, எதற்காகப் பேசுகிறோமோ அதையே வாசலில் அடகு வைப்பது. வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது அங்கே குழம்பிவிட்டது.

2025 அக்டோபரில் தில்லியில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். தாலிபானின் வெளியுறவு அமைச்சர் முத்தாகி வந்திருந்தார். அக்டோபர் 10-இல் ஆப்கன் தூதரகத்தில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் பெண் செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. இந்தியாவின் தலைநகரில் இது நடக்கலாமா என்று பத்திரிகையாளர்களும் எதிர்க்கட்சிகளும் கொதித்தார்கள். அந்த ஏற்பாட்டில் தனக்குப் பங்கில்லை என்றது இந்திய வெளியுறவு அமைச்சகம். இரண்டே நாளில், அக்டோபர் 12-இல், முத்தாகி மறுபடியும் செய்தியாளர்களைச் சந்தித்தார். முதல் வரிசையில் பெண்கள் உட்கார்ந்து, பெண்கள் படிப்பைப் பற்றியே நேருக்கு நேர் கேட்டார்கள். முதலில் நடந்தது தொழில்நுட்பக் குளறுபடி என்று அவர் சமாளித்தார். சமாளிப்பு எப்படியோ போகட்டும். நம் வீட்டுக்கு வந்தவரிடம் நம் வீட்டு வழக்கத்தைக் கேட்டால் அவர்கள் இணங்குகிறார்கள் என்று தெரிந்தது. தோஹாவில் ஐ.நா. இதைக் கேட்கவே இல்லை.

மார்க்க அறிஞர்கள் வழியாகப் பேசுவதும் இதில் ஒரு கிளை. பல்கலைக்கழகத் தடை வந்த அதே வாரம், எகிப்திலுள்ள புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்விப்பீடமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அது ஷரியாவுக்கே முரண் என்று கண்டித்தார். தாலிபானுக்குள்ளும் ஒரே குரல் இல்லை: துணை வெளியுறவு அமைச்சராக இருந்த ஸ்தானிக்ஸாய், பெண் கல்வியை மறுக்க எந்த நியாயமும் இல்லை என்று 2025 ஜனவரியில் மேடையிலேயே சொன்னார்; பிறகு அவர் நாட்டை விட்டுப் போய்விட்டதாகச் செய்திகள் வந்தன. உள்ளிருந்து மாறும் என்று மட்டுமே நம்பிக் காத்திருப்பது இலவு காத்த கிளியின் கதையாகிவிடும் என்று எனக்குப் பயம். மேற்கு சொன்னால் சதி என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு அல்-அஸ்ஹர் சொல்வதைத் தள்ளுவது அவ்வளவு லேசில்லை. அதனால் இந்தக் குரல் ஓயக்கூடாது.

சட்டத்தின் வழி

ரஷ்யா அங்கீகரித்த ஐந்தாம் நாள், 2025 ஜூலை 8-இல், ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அமீர் அகுந்த்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை பிறப்பித்தது. பாலின அடிப்படையில் துன்புறுத்தல், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம். ஆப்கானிஸ்தான் 2003-லேயே அந்த நீதிமன்றத்தில் உறுப்பினரானது. அதே ஆண்டு பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும், எந்த விலக்கும் கேட்காமல், ஏற்றது. அந்த உடன்படிக்கையை மீறியதற்காகத் தாலிபானை, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் வேறொரு மன்றமான சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கும் நடைமுறையை ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து நான்கும் 2024 செப்டம்பரில் தொடங்கின. 2025 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை மன்றம், ஆதாரம் திரட்டிப் பாதுகாக்கத் தனி விசாரணை அமைப்பு ஒன்றையும் ஏற்படுத்தியது.

பிடியாணையால் என் பள்ளிக்கூடம் திறக்குமா என்று ஒரு மாணவி கேட்டால், திறக்காது என்றுதான் சொல்ல வேண்டும். நீதிமன்றத்துக்குக் காவல்படை இல்லை. கந்தஹாரை விட்டு அதிகம் வெளியே வராதவரை யார் பிடிப்பது? ஆனாலும் இந்த வழிக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. வேறு கொடுங்கோலர்கள் குற்றத்தை மறைப்பார்கள். சாட்சி தேட வேண்டியிருக்கும். தாலிபான் ஆணை ஆணையாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு வெளியிட்டிருக்கிறது. நூறுக்கு மேற்பட்ட ஆணைகள். வழக்கறிஞர் அவற்றை வரிசையாக அடுக்கினாலே போதும். குற்றவாளி என்று தேடப்படுகிறவருடைய ஆட்சியை அங்கீகரிப்பதும் அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகளுக்கு இனி அவ்வளவு எளிதில்லை. முதலில் சொன்ன வழி கரையாமல் நிற்க இது முட்டுக் கொடுக்கிறது. விலையோ, ஆப்கன் பெண்ணின் மீது ஒன்றும் இல்லை.

இன்னொரு முயற்சியும் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு அபார்தைட் என்ற பெயரும், 1973-இல் தனி உடன்படிக்கையும் வந்தன. பெண்களை ஒரு நாடே சட்டம் போட்டு ஒதுக்கினால் அதற்குச் சர்வதேசச் சட்டத்தில் தனிப் பெயர் இல்லை. அதைப் பாலின அபார்தைட் என்று குற்றமாக எழுத வேண்டும் என்று ஆப்கன் பெண்களும் சட்ட அறிஞர்களும் கேட்கிறார்கள். மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கான புதிய உடன்படிக்கையைப் பேச ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மாநாடு 2028, 2029-இல். மார்ச் 23 காலையில் ஏழாம் வகுப்பில் உட்கார வந்த பிள்ளைக்கு அப்போது இருபது வயது இருக்கும்.

விளையாட்டு

ஆஸ்திரேலிய ஆண்கள் கிரிக்கெட் அணி ஆப்கன் அணியோடு இருதரப்புத் தொடரை 2021 முதல் மறுத்து வந்தது. ஆனால் 2023 உலகக் கோப்பையில் மும்பையில் அதே அணியோடு ஆடியது. உலகக் கோப்பைப் புள்ளி போகும் என்றதும் புறக்கணிப்பும் போய்விடுகிறது என்றால் அதை யார் மதிப்பார்கள்? மேலும், 2024 டிசம்பரில் பெண்களின் மருத்துவப் படிப்பை மூடியபோது அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதியவர் ஆப்கன் அணியின் ரஷீத் கான். உள்ளே செல்வாக்குள்ள அந்தக் குரலை ஒதுக்குவதால் லாபம் இல்லை. அதைவிட, 2020-இல் ஒப்பந்தம் பெற்று, தப்பியோடி ஆஸ்திரேலியாவில் சேர்ந்த பெண் வீராங்கனைகளுக்கு அணியாக ஆடும் உரிமையைக் கொடுப்பது பெரிய அடி. 2025 ஜனவரி 30-இல் மெல்போர்ன் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில் அவர்கள் மூன்றாண்டுக்குப் பிறகு ஒன்றுகூடி ஆடினார்கள். நாட்டின் பெயரில் ஆட அனுமதி இல்லாமல்.

கதவு

இதுவரை பார்த்த எல்லாமே, தாலிபான் மாறினால்தான் பலன் என்ற வகை. ஒரே ஒரு வழிக்கு அவர்கள் சம்மதம் தேவையில்லை: வருகிற பெண்ணை ஏற்பது, வரமுடியாத பெண்ணிடம் நாம் போவது. இதன் விலையை நாம் கொடுக்க வேண்டும். அதனால்தான் அரசுகள் இதைக் கடைசியில் வைக்கின்றன.

ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் 2022 கடைசியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும், ஆப்கன் பெண் என்பதே அடைக்கலத்துக்குப் போதுமான காரணம் என்று முடிவெடுத்தன. 2024 அக்டோபர் 4-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் அதையே சொன்னது: பெண், ஆப்கன் குடிமகள் என்ற இரண்டைத் தாண்டி, அவளுக்குத் தனிப்பட்ட மிரட்டல் இருந்ததா என்று தோண்ட வேண்டியதில்லை. நான் படித்த இத்தனை தீர்மானங்களில், ஒரு பெண்ணின் வாழ்க்கையை மறுநாளே மாற்றக்கூடியதாக இருந்தது இந்தத் தீர்ப்புதான்.

ஆனால் ஐரோப்பாவின் வாசல்வரை வந்து சேர்வது யாரால் முடியும்? பாகிஸ்தான் 2023 இறுதியிலிருந்து ஆப்கன் குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறது. 2025-இல் ஈரானும் பாகிஸ்தானும் சேர்ந்து அனுப்பியவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். அதில் கணவனை இழந்த பெண், ஆண் துணை இல்லாமல் வீடு வாடகைக்கு எடுக்கவும் முடியாத நாட்டுக்குப் பிள்ளைகளோடு இறங்கினாள். அமெரிக்கா 2025 ஜனவரியில் அகதிகள் ஏற்புத் திட்டத்தையே நிறுத்தியது. தாலிபான் மீது வழக்குக்கு முன்நிற்கும் ஜெர்மனி, தண்டனை பெற்ற ஆப்கன் ஆண்களை நாடு கடத்துவதற்காகத் தாலிபான் அனுப்பிய தூதரக அலுவலர்கள் இருவரை அந்த ஆண்டு ஏற்றுக்கொண்டது. ஒரு கையால் வழக்கு, இன்னொரு கையால் விசா முத்திரை. வழக்கை நம்பச் சொல்கிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

என்னிடம் முடிவைக் கேட்டால் வரிசை இப்படி இருக்கும். கதவை முதலில் திறக்க வேண்டும்: அடைக்கலம், மாணவிகளுக்கு விசாவோடு உதவித்தொகை, அண்டை நாடுகளில் சிக்கியவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்கப் பணமும் அழுத்தமும். உதவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதைக் கொண்டுபோகும் கையில் பெண்ணின் கை இருக்க வேண்டும். வழக்கும் ஆள்மீதான தடையும் பின்னால் நடந்துகொண்டே இருக்கட்டும். அங்கீகாரம் கையை விட்டுப் போகக்கூடாது. பேச்சு நடக்கலாம், பெண்கள் இல்லாத அறையில் மட்டும் வேண்டாம். பள்ளி மூடியிருக்கையில் தூதரைக் கொண்டாடுவது, தண்டனை என்று ரொட்டியை வெட்டுவது, இந்த இரண்டும் என் பட்டியலில் இல்லை.

வரமுடியாதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். அவர்களுக்கு இணையவழி வகுப்புகள் இருக்கின்றன என்று சொல்லி நிம்மதி அடைந்தோம். 2025 செப்டம்பர் 29-இல் தாலிபான் நாடு முழுக்க இணையத்தைத் துண்டித்தது. சுமார் 48 மணி நேரம் தொலைபேசியும் இல்லை, விமானமும் இல்லை, வகுப்பும் இல்லை. திரையில் பாதியில் நின்ற பாடத்தோடு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விசையைத் தட்டினால் போய்விடக்கூடிய பள்ளிக்கூடம் அது என்று அன்று புரிந்தது.

விசை அவர்கள் கையில் இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. ஆப்கன் பெண்களுக்கென்று 2021 மகளிர் நாளில் ஹமிதா அமான் தொடங்கிய பேகம் வானொலியைத் தாலிபான் 2025 பிப்ரவரியில் சோதனை போட்டு நிறுத்தியது. பிறகு மறுபடி ஒலிக்க விட்டது. அதன் கூடவே 2024 மார்ச்சில் பாரிஸிலிருந்து பேகம் தொலைக்காட்சி தொடங்கியிருந்தார்கள். செயற்கைக்கோள் வழியாக வருகிறது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஆப்கன் பாடத்திட்டத்தையே தரியிலும் பஷ்தோவிலும் நடத்துகிறார்கள். இணையம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், வாசல்படி தாண்ட வேண்டாம். வீட்டு மாடியில் ஒரு தட்டும் உள்ளே ஒரு பெட்டியும் மின்சாரமும் இருந்தால், 2022 மார்ச் 23-இல் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை விட்ட இடத்திலிருந்து கணக்குப் பாடத்தைத் தொடரலாம். ஓர் அரசு ஆப்கன் பெண்களுக்கென்று ஒதுக்கும் அடுத்த தொகையின் முதல் பங்கு அங்கே போகட்டும்.